பத்து சதுர அடிக்கு ஒரு நாள் கூலி

ஆயிரம் சதுர அடி வீட்டில் இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் பதித்து, நடுவே 3 மி.மீ. இடைவெளி விட்டால், அந்த இடைவெளிகளின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 10 சதுர அடி. நூற்றில் ஒரு பங்கு. மிச்சத் தொண்ணூற்றொன்பது பங்கைத் தேர்ந்தெடுக்க ஒரு நடுத்தரக் குடும்பம் எத்தனை ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டுகிறது என்பது டைல்ஸ் கடைக்காரர்களுக்குத் தெரியும். பளபளப்பா, மேட்டா, ஐவரியா, கிரேயா என்று கடைக்குள் ஒரு பட்டிமன்றமே நடக்கும். அந்த ஒரு பங்கைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கடைசி நாள் சாயங்காலம், மேஸ்திரி அடுத்த சைட்டைப் பார்க்கக் கிளம்பிய பிறகு, கையாள் ஒருவர் சட்டியில் வெள்ளை சிமென்ட்டைக் கொட்டி, குத்துமதிப்பாகத் தண்ணீர் ஊற்றி, துடைப்பத்தால் தள்ளித் தரையை முடித்துவிடுகிறார்.

வெள்ளைக் கோடுகள் சில மாதங்களில் கறுக்கத் தொடங்கும். பாத்ரூமில் குழாயடியில் இருப்பவை பொடியாகும். கீறிப் பார்த்தால் நகத்துக்குள் தூள் ஏறும். அப்புறம் ஒரு நாள் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, தன் வீட்டு சீலிங்கில் பழுப்பு வட்டம் விழுந்திருப்பதைக் காட்டக் கூட்டிப்போவார். பழி டைல்ஸ் கம்பெனி மேல் விழும், இல்லையென்றால் அந்தக் கையாள் மேல். இரண்டுமே நியாயமில்லை. கோளாறு கூலி பேசிய அன்றைக்கே நுழைந்துவிட்டது.

டைல்ஸ் வேலைக்குக் கூலி சதுர அடிக் கணக்கு. கலவை போடுவது, மட்டம் பார்ப்பது, வெட்டுவது, பதிப்பது, இடுக்கு அடைப்பது எல்லாம் அந்த ஒரே ரேட்டுக்குள் அடக்கம். இன்னும் நூறு சதுர அடி பதித்தால் மேஸ்திரிக்குக் காசு. இடுக்குகளோடு அரை நாள் உட்கார்ந்தால் அவருக்கு நஷ்டம். அவர் இடத்தில் யார் இருந்தாலும் அந்த வேலையை ஓட்டமாகத்தான் முடிப்பார்கள். ஆகவே இடுக்கு அடைப்பதைச் சதுர அடிக் கணக்கிலிருந்து பிரித்து, தனி நாளாகவும் தனிக் கூலியாகவும் பேசிவிட வேண்டும். பெரிய வீடானால் இரண்டு நாள். வீடு கட்டும் செலவில் இந்தத் தொகை கண்ணில்கூடப் படாது.

இது புதிய யோசனையும் இல்லை. மொசைக் தரை போட்ட காலத்தில் கல் பதிப்பவர் ஒருவர், பாலிஷ் போடுபவர் வேறொருவர். கல்லின் நிறத்துக்கே சாயம் சேர்த்துக் கரைத்த சிமென்ட் பாலைத் தரை முழுக்கப் பூசி, இடுக்குகளை அடைத்து, ஈரம் காயாமல் சில நாள் விடுவார்கள். பிறகுதான் மெஷின் ஓடும். தேய்த்ததில் திறந்துகொண்ட ஓட்டைகளை மறுபடி பால் பூசி அடைத்து, மறுபடி ஈரத்தில் விட்டு, அடுத்த நைஸ் கல்லால் தேய்ப்பார்கள். அந்த நாட்களுக்கெல்லாம் கூலி இருந்தது. முப்பது, நாற்பது வருடம் ஆன மொசைக் தரையில் இன்றைக்கும் இடுக்கு எங்கே என்று தேட வேண்டியிருப்பதற்கு அதுதான் காரணம். செட்டிநாட்டு ஆத்தங்குடிக் கற்களுக்கும் இது பொருந்தும். கல்லே சிமென்ட் என்பதால் இடுக்கை அடைக்கும் சிமென்ட்டும் கல்லும் ஒரே இனம். இரண்டும் சேர்ந்தே மூப்படைகின்றன.

விட்ரிஃபைடு டைல்ஸ் வந்ததும் கதை மாறியது. குஜராத்தின் மோர்பியிலிருந்து லாரியில் வந்து இறங்கும்போதே அது பாலிஷோடு இறங்குகிறது. பாலிஷ்காரர் வீட்டுக்கு வர வேண்டிய அவசியம் போயிற்று. அவரோடு சேர்ந்து, இடுக்குக்கென்று ஒதுக்கியிருந்த நாட்களும் போயின. வேடிக்கை என்னவென்றால், இடுக்கின் பொறுப்பு இந்தப் புதிய டைல்ஸில்தான் கூடுதல். தன் எடையில் அரை சதவீதம்கூட விட்ரிஃபைடு டைல் தண்ணீர் குடிக்காது. அது குடிக்காத தண்ணீரெல்லாம் போக ஒரே வழி அந்த நூற்றில் ஒரு பங்குதான்.

அதில் நிரப்பும் பொருளுக்குக் கடையில் கிரௌட் என்று பெயர். சிமென்ட், நைஸான மணல் அல்லது கல்மாவு, நிறம், கொஞ்சம் பாலிமர் எல்லாம் அளவாகக் கலந்து பாக்கெட்டில் வருகிறது. இதற்குப் பதிலாக வெறும் வெள்ளை சிமென்ட்டை வாங்குவதில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. வெள்ளை சிமென்ட் நல்ல பொருள்தான்; ஆனால் தனியாக நிற்கக்கூடியதல்ல. காயும்போது சிமென்ட் சுருங்கும். அந்தச் சுருக்கத்தைப் பிடித்து நிறுத்துவது மணலும் கல்மாவும். அவை இல்லாவிட்டால் கோட்டின் ஓரத்தில், டைலுக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே, முடி அளவுக்கு ஒரு விரிசல் ஓடும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்கு அது போதும்.

கலக்குவதுதான் இந்த வேலையின் உயிர். அதுவும் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. அளந்து ஊற்றும் பொறுமைதான் வேண்டும். முதலில் வாளியில் தண்ணீர், அதற்கு மேல் பொடி. பொடியின் மேல் தண்ணீரை ஊற்றினால் அடியில் காய்ந்த கட்டி தங்கிவிடும். அது பிறகு இடுக்கில் போய் உட்கார்ந்து, ஒரு வாரத்தில் தனியே உதிர்ந்து குழி விழும். தண்ணீரின் அளவு பாக்கெட்டில் அச்சிட்டிருக்கும். பல தயாரிப்புகளில் கிலோவுக்கு 300 மில்லியை ஒட்டி இருக்கும். பிராண்டுக்குப் பிராண்டு மாறும். அந்த அளவில் கலக்கினால் முதலில் ‘இது எப்படிக் கலங்கும், காய்ந்து கிடக்கிறதே’ என்றுதான் தோன்றும். அங்கேதான் கை தவறி இன்னொரு டம்ளர் விழுகிறது. விழக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்கிவிட்டு, ஐந்து பத்து நிமிடம் தொடாமல் வைக்க வேண்டும். பொடி அதற்குள் தண்ணீரை முழுக்க இழுத்துக்கொள்ளும். பிறகு ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காமல் மறுபடி கிளறினால், முதலில் முரண்டு பிடித்த கலவை கரண்டியில் வழவழவென்று நிற்கும். கரண்டியைக் கவிழ்த்தால் உடனே வழியாது. அதுதான் பதம். டிரில் மெஷினில் கம்பி மாட்டி வேகமாகச் சுழற்றுவது சிலருக்குப் பழக்கம். அது காற்றைக் கலவைக்குள் அடித்து ஏற்றிவிடும். காய்ந்தபின் கோடு முழுக்க ஊசித் துளைகள்.

கூடுதலாக ஊற்றிய தண்ணீர் என்ன ஆகிறது? சிமென்ட் இறுகுவதற்கு அதன் எடையில் ஏறத்தாழ 40 சதவீதத் தண்ணீர் போதும். மிச்சம் ஆவியாகத்தான் வேண்டும். ஆவியான இடமெல்லாம் வெற்றிடம். தோசை மாவு போல ஊற்றித் துடைப்பத்தால் தள்ளும் கலவையில் அந்த வெற்றிடங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து நுண்ணிய குழாய்களாகிவிடுகின்றன. மாப் போட்ட அழுக்குத் தண்ணீர் அவற்றின் வழியே உள்ளே போகிறது. அடியிலுள்ள சுண்ணாம்பு அதே வழியில் மேலே வந்து, காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெண்படலமாகப் படிகிறது. ‘உப்பு பூத்திருச்சு’ என்று வீட்டில் சொல்வது இதைத்தான். போர்வெல் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும் ஊர்களில் கலக்குகிற தண்ணீரே தன் பங்குக்கு உப்பைக் கொண்டுவருகிறது. ஒரு வீட்டுக்கான கிரௌட்டுக்குத் தேவைப்படுவது ஐந்து லிட்டருக்குள்தான். ஒரு கேன் குடிதண்ணீர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம்.

நிறமும் இதில் சேர்ந்தது. ஒரே பாக்கெட் பொடியை ஒரு முறை கெட்டியாகவும் மறுமுறை நீர்த்தும் கலக்கினால் காய்ந்தபின் இரண்டும் இரண்டு நிறம். ஹாலில் ஒரு கிரே, வாசலருகே வேறொரு கிரே. வெள்ளை சிமென்ட்டில் ஆக்சைடு பொடியைக் கைக்கணக்கில் போட்டுக் கலக்கும் வீடுகளில் கேட்கவே வேண்டாம். சட்டிக்குச் சட்டி மாறும். பாக்கெட்டுகளில் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, ஒரு அறைக்கு வேண்டியதை உலர்ந்த பொடியாகவே ஒன்றாகக் கலந்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

அடுத்தது நிரப்புவது. டைல்ஸ் பதித்து ஒரு நாளாவது ஆகியிருக்க வேண்டும். கெட்டியான சிமென்ட் கலவைப் படுகையின் மேல் பதித்ததென்றால் இன்னும் சில நாள். இடுக்கில் பிதுங்கி நிற்கும் பழைய கலவையை முதலிலேயே சுரண்டி எடுத்திருக்க வேண்டும். டைலின் கனத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆழமாவது காலியாக இருந்தால்தான் கிரௌட்டுக்குப் பிடிப்பு. இதைச் செய்யாமல் மேலாகத் தடவியதுதான் பெரும்பாலான வீடுகளில் தோல் போல உரிந்து வருகிறது. ரப்பர் பலகையைச் சாய்த்துப் பிடித்து, இடுக்குக்குக் குறுக்காக அழுத்தித் தள்ள வேண்டும். கோட்டோடு ஓட்டினால் பலகையின் விளிம்பே போட்டதைத் தோண்டி எடுத்துவிடும். சற்று இறுகியபின் நன்றாகப் பிழிந்த ஸ்பாஞ்சால் துடைப்பது. சொட்டச் சொட்டத் துடைத்தால், அளந்து ஊற்றிய தண்ணீரெல்லாம் வீண். இங்கே வழக்கத்தில் இருக்கும் இன்னொரு குறுக்கு வழி, ஈரமாக இருக்கும் கோட்டின் மேல் காய்ந்த சிமென்ட்டைத் தூவி, மரத்தூள் போட்டுத் தேய்ப்பது. தரை உடனே சுத்தமாகத் தெரியும். மேலே படிந்த அந்தக் காய்ந்த சிமென்ட்டுக்கு இறுகப் போதுமான தண்ணீர் கிடைக்காததால் அதுதான் முதலில் தூளாகிப் போகும்.

இதையெல்லாம் வெறுங்கையால் செய்யும் தொழிலாளியின் விரல்களையும் ஒரு தடவை பார்க்க வேண்டும். ஈர சிமென்ட்டின் காரம் தோலை அரிக்கும். விரல் நுனியில் ரேகை மழுங்கி, இடுக்குகளில் புண்ணாகியிருக்கும். நல்ல ரப்பர் கையுறை ஒரு ஜோடி, டைல்ஸ் பெட்டி ஒன்றின் விலைக்கு எவ்வளவோ கீழே. ரேட் பேசும்போது அதையும் யாரும் பேசுவதில்லை.

இப்போது கடைகளில் அதிகம் கேட்கும் வார்த்தை ‘ஜாயின்ட் ஃப்ரீ’. இடுக்கே தெரியாமல் ஒட்டித் தர வேண்டும், ஒரே கல் போல இருக்க வேண்டும். வீட்டுக்காரர் கேட்கிறார், மேஸ்திரியும் பெருமையாகச் செய்து தருகிறார். பிரிட்டிஷ் தர விதி தரைக்குக் குறைந்தது 3 மி.மீ., சுவருக்கு 2 மி.மீ. இடைவெளி கேட்கிறது. அமெரிக்க விதி, எந்தச் சூழ்நிலையிலும் ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குக்கு, அதாவது ஏறத்தாழ 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. குளிர்நாட்டுக்காரர்களே இவ்வளவு கேட்கும்போது, வேலூரிலும் திருச்சியிலும் மே மாதம் பார்த்தவர்கள் இடைவெளியே வேண்டாம் என்பது விந்தைதான். டைல் ஒரு டிகிரி சூட்டுக்கு ஒரு மீட்டர் நீளத்தில் சுமார் 0.007 மி.மீ. நீளும். கேட்க ஒன்றுமில்லை போலத் தோன்றும். பத்து மீட்டர் நீள மொட்டை மாடியில், விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் தரைச் சூடு 35 டிகிரி மாறினால் கணக்கு இரண்டரை மில்லி மீட்டருக்கு வந்துவிடும். வீட்டுக்குள் சூடு குறைவுதான். ஆனால் அங்கே புதிய கான்கிரீட் தளம் முதல் ஓரிரு வருடங்களில் காய்ந்து சுருங்கியபடியே இருக்கிறது. மேலே டைல்ஸ் நகர இடமில்லாமல் ஒன்றையொன்று நெருக்கும். ஒரு நாள் ராத்திரி ‘டமார்’ என்று சத்தம் கேட்டு, விளக்கைப் போட்டுப் பார்த்தால் ஹால் நடுவே இரண்டு டைல்ஸ் கூரை போல எழும்பி நிற்கும். ஆவி, நிலநடுக்கம் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு கிளம்பும்.

ஸ்பேசர் என்ற சின்ன பிளாஸ்டிக் சிலுவை, பை கணக்கில் கிடைக்கிறது. அதைப் போடச் சொல்லிக் கேட்க வேண்டியது வீட்டுக்காரர் பொறுப்பு. சுவரோரத்தில் ஐந்தாறு மில்லி மீட்டர் விட்டுவிட்டால் ஸ்கர்ட்டிங் அதை மறைத்துவிடும். தரையும் சுவரும் சேரும் மூலையில் சிமென்ட் கிரௌட்டை அடைக்காமல், இழுபடும் சிலிகோன் சீலன்ட் போடுவதுதான் முறை. பாத்ரூமில் முதலில் விரிசல் விடுவது எப்போதும் அந்த மூலைதான்.

மொட்டை மாடியில் இந்த விஷயம் நம்மவர்களுக்கு எப்போதோ தெரிந்திருந்தது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு, அதன் மேல் தட்டோடு பதித்து, ஓடுகளின் இடுக்கை நீர்க்காப்புச் சரக்கும் சிவப்பு ஆக்சைடும் சேர்த்த சிமென்ட் கலவையால் பூசுவது தமிழ்நாட்டின் பழைய வழக்கம். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் ஊற்றிச் சுண்ணாம்பை இடித்த தலைமுறை, ஓட்டைவிட இடுக்குக்கு அதிக நேரம் கொடுத்தது. இன்றைக்கு வெள்ளைக் கூலிங் டைல்ஸை மாடி முழுக்க நெருக்கி ஒட்டிவிட்டு, இரண்டு கோடைக்குள் கிளம்பிவிட்டது என்று புலம்பல் கேட்கிறது. வெளித்தளங்களில் எட்டு முதல் பன்னிரண்டு அடிக்கு ஒரு முறை, நீண்டு சுருங்க இடம் கொடுக்கும் அகல இடுக்கு வேண்டும் என்பது அமெரிக்க டைல்ஸ் சங்கத்தின் கையேட்டில் உள்ள அளவு. நம் வெயிலுக்கு அந்தக் குறைந்த எண்ணைப் பிடித்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இத்தனைக்கும் சில இடங்களில் சிமென்ட் கிரௌட் எவ்வளவு ஒழுங்காகக் கலந்தாலும் போதாது. ஆஸ்பத்திரி, பால் பண்ணை, ஓட்டல் சமையலறை ஆகியவற்றில் எபாக்ஸி போடுகிறார்கள். வீட்டில் அடுப்புக்குப் பின்சுவரும் பாத்ரூம் தரையும் அந்த வகைதான். தாளிப்பு எண்ணெயும் மஞ்சள்தூளும் சேர்ந்து வெள்ளை சிமென்ட் கோட்டுக்குப் பூசும் நிறம் எந்தச் சோப்புக்கும் போகாது. எபாக்ஸி விலை பல மடங்கு. அதைவிட, கலக்குபவரிடம் கண்டிப்பு எதிர்பார்க்கும். ரெசின், ஹார்டனர், பொடி மூன்றும் ஒரு செட். முழு செட்டையும் ஒன்றாகத்தான் கலக்க வேண்டும். பாதியை எடுத்துக் கண்ணளவில் கலக்கினால் மாதம் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. கலந்தபின் வேலை செய்ய முக்கால் மணி, ஒரு மணி நேரம். கோடை நடுப்பகலில் அதுவும் குறையும். காலை வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. டைலின் மேல் படிந்த படலத்தை அப்போதே துடைக்காவிட்டால் அது அங்கேயே குடியேறிவிடும். வெயில் படும் மாடிக்கு எபாக்ஸி வேண்டாம்; மஞ்சளடிக்கும்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. அளவும் எச்சரிக்கையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில். கலக்குபவர் விழுப்புரத்துக்காரராக இருக்கலாம், ராஜஸ்தானிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். இரண்டு பேருக்கும் அது ஒன்றுதான். இங்கே விற்கும் பாக்கெட்டில் தமிழிலும் இந்தியிலும் பெரிய எழுத்தில் தண்ணீரின் அளவை அச்சிட்டு, உள்ளே ஒரு அளவுக் குவளையைப் போட்டுக் கொடுப்பது கம்பெனிகளுக்குப் பெரிய பாரமில்லை. இருமல் மருந்துக்குக் கொடுக்கிறார்களே. வாங்குபவர் கவனிக்க வேண்டிய இன்னொன்று ‘சிஜி 2’ என்ற ஐரோப்பியத் தரக் குறியீடு. பக்கத்தில் ‘டபிள்யூ’ இருந்தால் தண்ணீர் குடிப்பது குறைவு: சோதனைத் துண்டு ஒன்று அரை மணி நேரத்தில் சாதாரண வகையில் 5 கிராம் வரை குடிக்கலாம், இந்த வகையில் 2 கிராமுக்கு மேல் கூடாது.

செலவைச் சொல்லிப் பயமுறுத்துபவர்களுக்கு ஒரு கணக்கு. 9 மி.மீ. கனமுள்ள இரண்டுக்கு இரண்டு டைல், 3 மி.மீ. இடுக்கு, ஆயிரம் சதுர அடி. கிரௌட்டின் மொத்தத் தேவை 15 கிலோவை ஒட்டித்தான். அதே தரைக்கு இறங்கும் டைல்ஸின் எடை ஒன்றரை டன்னைத் தாண்டும்.

போட்டு முடித்த பிறகு வீட்டுக்காரர்கள் தாங்களாகவே செய்யும் அநியாயம் ஒன்று பாக்கி இருக்கிறது: ஆசிட். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள், டைல்ஸில் ஒட்டிய சிமென்ட் கறை போக வேண்டுமென்று ஆசிட் ஊற்றிக் கழுவுவது. அதற்குப் பிறகு வாராவாரம் பாத்ரூமில். ஊற்றியதும் கோடுகளில் நுரை பொங்கும். அழுக்கு போகிறது என்று மனசுக்கு ஒரு நிறைவு. பொங்குவது அழுக்கல்ல. ஹைட்ரோகுளோரிக் அமிலம் கிரௌட்டிலுள்ள சுண்ணாம்பைத் தின்று, கரியமில வாயுவை வெளியே விடுகிறது. தின்ற சுண்ணாம்பு தண்ணீரில் கரைந்து ஓடிவிடும். வெறும் சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் போதும் இடத்தில் மாதம் நான்கு முறை இந்தப் பொங்கல் நடந்தால், எப்பேர்ப்பட்ட மேஸ்திரி போட்ட இடுக்கும் தாங்காது.

ஏற்கெனவே உதிர்ந்துபோன பாத்ரூமில் பழையதன் மேலேயே புதிதாகப் பூசித் தருவதாகச் சொல்பவரை நம்ப வேண்டாம்; மூன்றில் இரண்டு பங்கு ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் நிரப்ப வேண்டும். கீழ்வீட்டு சீலிங் வட்டம் அதோடு நின்றுவிடும் என்ற உத்தரவாதமும் கிடையாது. தண்ணீரைத் தடுப்பது டைல்ஸுக்கு அடியில் போட வேண்டிய வாட்டர் ப்ரூஃபிங். சிமென்ட் கிரௌட் அந்தத் தண்ணீரைக் குறைக்கும், அவ்வளவே. தரையில் தண்ணீர் வடியும் நஹானி டிராப்பைச் சுற்றியோ பைப் நுழையும் இடத்திலோ கசிந்தால் இடுக்கை எத்தனை முறை அடைத்தும் பயனில்லை. முதலில் பிளம்பர் பார்க்கட்டும். அவர் சரி என்று சொன்னபின் சுரண்டி, உலரவிட்டு, அளந்து கலந்து நிரப்பி, ஒரு முழு நாளாவது அந்தப் பாத்ரூமுக்குள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது. ஒரே பாத்ரூம் உள்ள வீடென்றால், குடும்பத்தோடு சொந்தக்காரர் வீட்டுக்குக் கிளம்ப ஒரு சாக்கு கிடைத்ததென்று வைத்துக்கொள்ளலாம்.